அழாமல் ஒரு வரி

புனிதா இதுவரை நாற்பத்தொரு பெண்களுக்காக அழுதிருக்கிறாள். கொரியாக்காரிகள் பதினாறு பேர், இந்தோனேசியாக்காரிகள் பத்தொன்பது பேர், துருக்கிக்காரிகள் ஆறு பேர். அவர்கள் திரையில் வாயசைப்பார்கள். இவள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறைக்குள் நின்றுகொண்டு தமிழில் அழுவாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில்.

முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும். கிள்ளான் பாசாரில் “கெம்போங் கிலோ என்னண்ணே?” என்று கேட்டால், மீன்காரர் செதில் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, “ஐயோ அக்கா, நீங்களா! அந்த மாமியார மட்டும் மன்னிச்சிறாதீங்க” என்பார். மீன் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும்.

இந்தப் புகழில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டில் அவள் கணவர் சுகுமாறனிடம், “அப்பளம் நமத்துப்போச்சுங்க” என்றாள். பள்ளி பஸ் ஓட்டும் மனிதர், எதற்கும் பதறாதவர், சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

“யாருக்கு என்ன ஆச்சு?”

“அப்பளத்துக்குத்தான்.”

“அத ஏன் இப்படிச் சொல்ற? நெஞ்சு அடிச்சுக்குது.”

அன்று அதைச் சிரித்துவிட்டு மறந்தாள். சிரிப்பு நின்றது இந்த வருடம்தான். நேயர்கள் போதிய அளவு அழுதுவிட்டதாகத் தொலைக்காட்சி நிலையம் முடிவு செய்தது. தொடர்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஒலிப்பதிவுக்கூடத்தின் முதலாளி பழனியப்பன் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைத் தமிழ்ப்படுத்தும் வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூடத்துக்கு இப்போது அது ஒன்றுதான் வேலை.

வசனம் எழுதவும் குரல் பதிவை இயக்கவும் குகன் வந்தான். இருபத்தாறு வயது. இந்தத் தொடர் ‘செவ்வாய் விடுமுறை’ என்ற சித்திரக்கதையாக இருந்த காலத்திலிருந்தே, அதாவது பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்த நாளிலிருந்தே, அதைப் படித்து வருபவன். அவனுக்கு இது வேலை இல்லை, நேர்த்திக்கடன்.

கதை இதுதான். ஜப்பானில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு சலவைக்கடை. கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கடைக்காரர் தத்சுவோ, அவருடைய மகள், அவருடைய அக்கா கசுயோ ஆகிய மூவரும் ஒவ்வொரு செவ்வாயும் எங்காவது வெளியே போகத் திட்டமிடுவார்கள். போகமாட்டார்கள். குடையைத் தேடுவார்கள், பூனை எங்கே என்று பார்ப்பார்கள், பஸ் நிறுத்தம் வரை போய் ஏதோ மறந்துவிட்டது என்று திரும்பி வருவார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒருமுறை பஸ்ஸில் ஏறினார்கள். அது தவறான பஸ்.

கசுயோவுக்கு நாற்பத்தாறு வயது. புனிதாவுக்கும் அதே. “அக்கா, இதப் படிச்சிட்டு வாங்க” என்று குகன் முதல் புத்தகத்தின் மலாய்ப் பதிப்பைக் கையில் கொடுத்தான். கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்தாள். மறுநாள் வந்து, “நல்லாத்தான் இருக்கு குகா. ஆனா சாப்பிட்டு முடிச்சப்புறம் ஏன் சமைக்கிறாங்க?” என்று கேட்டாள்.

ஜப்பானியப் புத்தகங்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. முழுக் கதையையும் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்திருந்தாள். எல்லாம் புரிந்துமிருந்தது. ஒன்றுமே நடக்காத கதைக்கு எந்த வாசல் வழியாகப் போனால் என்ன?

“எப்படியிருந்தாலும் வீட்டுக்குத்தானே திரும்பி வர்றாங்க” என்றாள்.

குகன் அன்று முழுவதும் அந்த வாக்கியத்தை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருந்தான். கசுயோ இவள்தான் என்று முடிவு செய்துவிட்டான். அதன் பிறகுதான் அவளைப் பேச வைத்துப் பார்த்தான்.

“சோறு வெந்துருச்சு” என்றாள் கசுயோ, புனிதாவின் குரலில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பொறியாளன் கிஷன் தலையில் கை வைத்தான். அந்தச் சோற்றுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்ய வேண்டும் போலிருந்தது.

ஒரு வாரம் முயன்றார்கள். பழனியப்பன் கேட்டார், பெருமூச்சு விட்டார், தீர்ப்புச் சொன்னார். “புனிதா, உங்க மேல எனக்கு மரியாத இருக்கு. ஆனா சுங்கை பூலோவுல ஷிரீன்னு ஒரு பொண்ணு, இன்டர்நெட்ல பேசுது, அது பாட்டுக்குப் பேசுது. வியாழக்கிழமை மூணு மணிக்கு வருவேன். மூணாவது எபிசோட்ல அந்தப் பழம் சாப்பிடுற சீன கேப்பேன். சரியா வந்தா கசுயோ உங்களுக்கு. இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு.”

அந்தக் காட்சியில் கசுயோவுக்கு ஒரே ஒரு வரிதான். கோடை மதியம். சமையலறைத் தரையில் மூன்று பேரும் உட்கார்ந்து தர்பூசணி தின்கிறார்கள். அந்த ஊரில் அதற்கு உப்புத் தூவித் தின்பது வழக்கம். கசுயோ விதையைத் துப்பிவிட்டு, “அம்மா இருந்தா இதுல உப்புத் தூவியிருப்பாங்க” என்கிறாள். தத்சுவோ எழுந்து போய் டப்பாவை எடுத்து வருகிறார், தூவுகிறார். அது சர்க்கரை. மூவரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஆனால் யாரும் சொல்வதில்லை. தின்று முடிக்கிறார்கள். நாற்பது வினாடி, வெளியே பூச்சிச் சத்தம் மட்டும். புத்தகத்தில் அது மூன்று பக்கம், ஒரு சொல் இல்லாமல்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கினார்கள்.

“அம்மா இருந்தா இதுல உப்புத் தூவியிருப்பாங்க.”

“அக்கா, நல்லா இருந்துச்சு” என்றான் குகன். அவன் நல்லா இருந்துச்சு என்றால் மறுபடி எடுக்க வேண்டும் என்று பொருள். “ஆனா இப்பதான் தூக்கிட்டுப் போன மாதிரி இருக்கு லா.”

“அம்மா செத்துட்டாங்கதானே?”

“செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சுக்கா. இப்ப அவங்க பழம் சாப்பிடுறாங்க.”

“பதினஞ்சு வருஷம் ஆனா?”

“பழம்தான் முக்கியம்.”

மறுபடி சொன்னாள். கிஷன் பொத்தானை அழுத்தி, “அக்கா, இப்ப பழம் செத்துப்போன மாதிரி இருக்கு” என்றான்.

“டேய், வாய மூடுறா. குகா, நான் என்னதான் செய்யணும்?”

“ஒன்னும் செய்யாதீங்க. சும்மா சொல்லுங்க.”

“சும்மாவ எப்படிடா சொல்றது?” புனிதா காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள். “கோபம் கொடு, செய்றேன். பயம் கொடு. பொறாம கொடு. புருஷன் ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு சொல்லு, இப்பவே செஞ்சு காட்டுறேன். சும்மாவுல எங்க புடிச்சுத் தொங்குறது?”

குகன் வசனத்தாளைப் புரட்டினான். அவன் எழுத்தாளன். புடித்துத் தொங்குவது அவன் துறை இல்லை.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. புனிதாவின் அம்மா போய்ப் பதினொரு மாதம் ஆகிறது.

அம்மா அவளுடைய தொடர்கள் அத்தனையும் பார்த்தவர். மாலை ஏழு முப்பத்தைந்துக்குத் தொடர் முடியும், ஏழு முப்பத்தாறுக்கு ஃபோன் வரும். “இன்னிக்கு மூக்கு உறிஞ்சல் கொஞ்சம் ஜாஸ்தி” என்பார். அல்லது, “நேத்து அழுததுதான் அழுக. இன்னிக்கு அவசரப்பட்டுட்ட.” நாட்டில் வேறு யாருக்கும் இவ்வளவு நுணுக்கமான விமர்சகர் கிடைத்ததில்லை.

கிள்ளான் வீட்டு முன்கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். புனிதா ஓடிவந்து கால்மாட்டில் விழுந்து வாயைத் திறந்தாள். வெளியே வந்தது துருக்கி மருமகள். எண்பத்தெட்டாவது எபிசோட், அதே இழுப்பு, அதே கடைசி நடுக்கம். அவள் காதுக்கே கேட்டது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் காப்பாரிலிருந்து வந்த ஓர் அத்தை பக்கத்தில் இருந்தவளைத் தட்டி, “கேளேன், அப்படியே டிவில வர்ற மாதிரியே இருக்கு” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

புனிதா வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு திறக்கவில்லை. தூக்கும்போதும் அழவில்லை, கரைக்கும்போதும் அழவில்லை. எட்டாம் நாள் அக்கா சந்திரகலா நாலு பேர் முன்னால் கேட்டாள்: “ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் அழுதியே, பெத்தவளுக்கு ஒரு சொட்டு வரலையாடி?” அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டது வாட்சாப்பில் மட்டும். அதுவும் பெரும்பாலும் குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் பூக்கள்.

அதனால் அவளுக்குக் கசுயோ வேண்டும். ஒரு பெண் செத்துப்போன தன் அம்மாவைப் பற்றிப் பேசுகிறாள், ஒரு நடுக்கம் இல்லை, பழத்தின் சாறு முழங்கையில் வழிகிறது, யாரும் அவளைப் பார்த்து அழவில்லையே என்று கேட்பதில்லை. அப்படி ஒரு வீடு இருக்கிறது என்பதே புனிதாவுக்கு இந்தப் புத்தகத்தைத் தலைகீழாகப் படித்தபோதுதான் தெரிந்தது.

பதினொன்றரை மணிக்குள் முப்பத்தேழு முறை சொல்லியாகிவிட்டது.

இந்த ஒலிப்பதிவுக்கூடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜாலான் துன் சம்பந்தன் தெருவுக்கு மேலே போகும் மோனோரயில் இந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியை உரசாத குறையாகப் போகும். எவ்வளவு பஞ்சு ஒட்டினாலும் அந்த இரைச்சல் உள்ளே வரும். அதற்கு இங்கே பெயர் பெரியவர். ஜன்னல் ஓரம் இருக்கும் கிஷன் “பெரியவர் வரார்” என்பான், சிவப்பு விளக்கை அணைப்பான். பதிவு நிற்கும். அழுதுகொண்டிருப்பவர் அழுகையை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டு, எந்தக் கடையில் புடவைக்குத் தள்ளுபடி என்று பேசுவார். பெரியவர் போனதும் விளக்கு எரியும், விட்ட இடத்திலிருந்து அழுவார். புனிதா ஒரு விம்மலின் முதல் பாதியை ஒரு ரயிலுக்கு முன்னும் மறுபாதியை ரயிலுக்குப் பின்னும் பேசி, ஒட்டு தெரியாமல் செய்தவள்.

“பெரியவர் வரார்” என்றான் கிஷன். விளக்கு அணைந்தது.

கீழே கடையில் வாங்கிய, கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் பொட்டலம் மேசையில் இருந்தது. ஆளுக்கொன்று எடுத்தார்கள். புனிதா ஒரு கடி கடித்துவிட்டு, இரைச்சலுக்கு நடுவே, குறிப்பாக யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: “எங்கம்மா இருந்தா இந்நேரம் ரெண்டு ஃபோன் வந்திருக்கும். ஒன்னு, சாப்பிட்டியான்னு. இன்னொன்னு, சாப்பிட்டேன்னு சொன்னது நெசமான்னு.”

குகன் சிரித்தான். பெரியவர் போனார். கிஷன் கணினியைப் பார்த்து, “அலாமாக்” என்று பதறினான்.

“என்னடா?”

“கையெல்லாம் எண்ணெய் அக்கா. லைட்ட மட்டும் அணைச்சேன். ரெக்கார்டிங்க நிறுத்தல. எல்லாம் ஏறிடுச்சு.”

“அழிச்சிடு.”

“இருங்க.” கிஷன் ஏனோ அழிக்கவில்லை. திரும்ப ஓட்டினான்.

மோனோரயிலின் உறுமல். அதற்குள் ஒரு பெண் பேசுகிறாள். அவசரமில்லாத, கொஞ்சம் கரகரத்த, ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவே மென்றுகொண்டிருக்கும் குரல். அந்தக் குரலுக்குத் தன்னை யாராவது கேட்கிறார்களா என்ற கவலையே இல்லை.

“யாரு இது?” என்றாள் புனிதா.

கிஷனும் குகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அக்கா, நீங்கதான்.”

“நான் இப்படியா பேசுறேன்?”

“பெரியவர் போகும்போது மட்டும்” என்றான் கிஷன். “மத்த நேரமெல்லாம் நீங்க ஆறு துருக்கிக்காரிங்க.”

அவள் இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை. கையில் கறிபாப் ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் அவளுடைய அம்மாவின் குரல் மாதிரி இருக்கிறது என்று சொன்னால் கதை அழகாக முடியும். அப்படி இல்லை. அது யாருடைய குரல் மாதிரியும் இல்லை. நாற்பத்தாறு வருடமாகத் தன்னுடனே குடியிருந்தும் முகம் கொடுத்துப் பேசியிராத ஒருத்தியின் குரல்.

“எங்கம்மான்னு வேற சொன்னீங்க” என்றான் குகன் மெதுவாக. “எப்பக்கா?”

“வர்ற மாசம் தல திவசம்.”

குகன் பேனாவை எடுத்தான். முப்பத்தேழு முறை அந்த வரியை அவளைச் சொல்ல வைத்தவன் அவன்தான். “அக்கா, வரிய மாத்திடலாம். அம்மாவுக்குப் பதிலா பக்கத்து வீட்டு ஆன்ட்டின்னு...”

“மாத்துன, கொன்னுடுவேன்.”

இரண்டு பேரும் கிஷனைப் பார்த்தார்கள். கிஷன் அந்தப் பதிவிலிருந்து ரயிலைக் கழுவி எடுக்க முடியுமா என்று முயன்று கொண்டிருந்தான். “வேலைக்காவாது. பெரியவர எடுத்தா அக்காவும் கூடவே போயிடுறாங்க. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டாங்க.”

“அப்ப எடுக்காத” என்றாள் புனிதா.

“அப்புறம்?”

“அவர என் காதுல விடு. மைக்குக்குக் கேக்கக் கூடாது, எனக்கு மட்டும் கேக்கணும். முடியுமா, முடியாதா?”

கிஷன் யோசித்தான். ஒலிப்பொறியியல் டிப்ளோமாவில் இது வரவில்லை. ஆனால் முடியாது என்றும் சொல்லித்தரவில்லை. ரயில் இரைச்சல் மட்டும் இருந்த பகுதியை வெட்டி எடுத்து, நீட்டி, அவளுடைய ஹெட்ஃபோனுக்குள் அனுப்பினான். பெரியவர் அவள் காதுக்குள் வந்து, போகாமல் நின்றார்.

“லைட்ட அணை.”

“அணைச்சா ரெக்கார்டிங் இல்லன்னு அர்த்தம் அக்கா.”

“அதுக்குத்தான் அணைக்கச் சொல்றேன்.”

விளக்கு அணைந்தது. திரையில் கசுயோ தர்பூசணியைக் கடித்தாள். புனிதா ஆறிப்போன கறிபாப்பைக் கடித்தாள். கசுயோ விதையைத் துப்பினாள். புனிதாவின் உதடு அசைந்தது. அவள் பேசியது அவளுக்கே கேட்கவில்லை.

தத்சுவோ எழுந்து போனார். சர்க்கரையோடு வந்தார். தின்றார்கள். பூச்சிகள் கத்தின. நாற்பது வினாடி முடிந்தது.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். குகன் நல்லா இருந்துச்சு என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. குனிந்து தன் தாளில் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். அடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கிஷன் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்து, இந்த முறை மறக்காமல் பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தினான்.

பழனியப்பன் மூன்று மணி என்றால் மூன்றரைக்கு வருபவர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காட்சியைக் கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று குகனுக்குச் சந்தேகம்.

“ஒன்னுமே நடக்கலையே” என்றார்.

“அதான் பாஸ் கதை.”

“ம்.” பிறகு எழுந்து, கதவு வரை போய், திரும்பி நின்றார். “இங்க பக்கத்துல தெம்பிக்காய், அதான் அந்தத் தர்பூசணி, எங்க விப்பான்?”

“கோயில் போற வழில, வெட்டிப் பையில போட்டு விப்பாங்க பாஸ்” என்றான் கிஷன்.

“உப்பு?”

“அது நீங்கதான் கொண்டு போகணும்.”

அவர் போய்விட்டார். ஷிரீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த வாரப் பதிவு அட்டவணையைக் கிஷன் சுவரில் ஒட்டும்போது, கசுயோவுக்கு நேராகப் புனிதா என்று எழுதியிருந்தது.

சென்ட்ரல் நிலையத்தில் அவள் கொமுட்டர் ஏறியபோது மணி நாலரை. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. பையிலிருந்து இரண்டாம் புத்தகத்தை எடுத்து, இந்த முறை சரியான பக்கத்திலிருந்து திறந்தாள். வண்டி அங்காசாபுரி தாண்டும்போது ஃபோன் அடித்தது. சந்திரகலா. பதினொரு மாதத்தில் முதல் அழைப்பு.

“திவசத்துக்கு என்னென்ன வைக்கணும்னு லிஸ்ட் போடுறேன்” என்றாள் அக்கா. பட்டியல் வாசிப்பதற்கென்றே வைத்திருக்கும் குரல், பட்டியலைத் தவிர வேறெதையும் பேசிவிடக் கூடாது என்ற குரல். “வடை, பாயாசம், கத்திரிக்கா, கருவாடு வேணாம்னு ஐயர் சொல்றாரு. பழம் வாழைப்பழம் போதும்ல?”

வண்டி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பெண் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது.

“ஜம்புக் கொய்யா வைக்கணும்க்கா” என்றாள் புனிதா. “பச்சையா, கடிச்சா சத்தம் வர்ற மாதிரி. அந்த உப்பும் புளிப்புமான அசாம்போய்த் தூள் தனியா ஒரு கிண்ணத்துல. அம்மா அது இல்லாம ஜம்பு தொடமாட்டாங்க.”

அந்தப் பக்கம் பேனா கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

“புனி?”

“ம்.”

“உனக்கு என்ன, சளி புடிச்சிருக்கா? குரல் ஒரு மாதிரி இருக்கு.”

“இல்லக்கா. சும்மாதான் பேசுறேன்.”

சந்திரகலாவின் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம், கொஞ்சம் ஜாஸ்தியாகவே. புனிதா அதைத் திருத்தவில்லை. ஜன்னலில் சுபாங் ஜெயா வந்து போனது. ஷா ஆலம் வந்து போனது. வண்டி கிள்ளான் ஆற்றை நெருங்கும் வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. யாரும் ஃபோனை வைக்கவும் இல்லை.